குழந்தையின் ஆடை பின்னுவதற்கான நூலை விரல் நுனியால் மட்டும் தேர்ந்தெடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு வீட்டிலேயே ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னுவது பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பின்னும் முறையைக் கண்ணி கண்ணியாக விளக்கியிருந்த அக்கட்டுரை, நூலைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மட்டும், கைக்கு மிருதுவாகப் படுகிற எந்த நூலையும் வாங்கலாம் என்ற அளவில் ஒரே வரியோடு நகர்ந்துவிட்டது. பின்னல் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, குழந்தைகளுக்கான பின்னல் வேலைகளில் பெரும்பாலான தவறுகள் தொடங்கும் இடமே அந்த வரிதான் என்று தோன்றுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நூல் பந்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்திப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால் குத்தலை உணர்வதற்கு விரல் நுனியைவிடப் பொருத்தமற்ற இடம் வேறில்லை. அங்கே தோல் தடித்தது. அன்றாட வேலைகளால் மேலும் காய்த்துப்போனது. அதே பந்தைக் கழுத்தின் பக்கவாட்டிலோ முன்கையின் உட்புறத்திலோ சில நிமிடங்கள் ஒத்தி வைத்தால், கையில் பஞ்சாக இருந்த நூல் அங்கே நறநறவென்று உறுத்துவதைப் பலரும் உணர்வார்கள். பந்தாக இருக்கும்போது உறுத்தாத நூல் துணியான பிறகு உறுத்துவதும் உண்டு என்பதால், பத்து செண்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதைச் சட்டைக் கழுத்துப் பட்டைக்குள் செருகிக்கொண்டு அரை நாள் வேலை பார்ப்பதே என் மாணவர்களுக்கு நான் சொல்லும் சோதனை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

கம்பளி குத்துவதற்குக் காரணம் அதன் இழைகளின் தடிமன். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் என்ற அளவில் இந்தத் தடிமனைக் கணக்கிடுகிறார்கள். துணியின் பரப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை முனை மெல்லியதாக இருந்தால் தோலைத் தொட்டவுடன் வளைந்து படுத்துவிடும். தடித்ததாக இருந்தால் வளையாமல் நின்று தோலுக்கடியில் உள்ள நரம்பு முனைகளை அழுத்தும். இவ்வாறு எதிர்த்து நிற்கும் திறன் தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுவதால், நீளம் ஒன்றாக இருக்க, தடிமன் இருமடங்கானால் குத்தும் விசை பதினாறு மடங்காகிறது. ஒரு துணியில் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் ஏறத்தாழ 5 விழுக்காட்டைத் தாண்டினாலே பலருக்கும் குத்தல் தெரியத் தொடங்கும் என்பது கம்பளித் துறையில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. குழந்தைக்கு 20 மைக்ரானை ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ள, மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளியைத் தேடச் சொல்வது இதனால்தான். கம்பளியே ஒத்துக்கொள்ளாது என்று குடும்பத்தில் சொல்லப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஏற்படுவது ஒவ்வாமையன்று, தடித்த இழை தரும் எரிச்சலே. எனினும் தோல் அழற்சி உள்ள குழந்தைக்குப் பின்னுகிறவர்கள் இந்த விளக்கத்தை நம்பி இறங்காமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பந்தின் மேல் சுற்றியிருக்கும் தாளில் பெரிய எழுத்தில் 'பேபி' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவோரும் உண்டு. நூல் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் தடிமன் அட்டவணையில் பேபி என்பது ஒரு பருமனின் பெயர். காலுறை பின்னும் மிக மெல்லிய நூலுக்கும் அதற்கடுத்த மெல்லிய நூலுக்கும் அப்பெயர் வழங்குகிறது. பேபி அல்பாகா என்பதும் அல்பாகா என்ற தென்னமெரிக்க விலங்கின் உரோமத்தின் மென்மைத் தரத்தைக் குறிப்பதே. குழந்தைக்குப் பாதுகாப்பானது என்று யாரோ சோதித்துச் சான்றளித்ததாக இவற்றுக்குப் பொருளில்லை. தாளின் முன்பக்கம் விற்பனைக்கானது. பார்க்க வேண்டியது பின்பக்கம். எந்த இழை எத்தனை விழுக்காடு, எந்த வெப்பத்தில் துவைக்கலாம், இயந்திரத்தில் போடலாமா, இஸ்திரி செய்யலாமா, சாய எண் என்ன என்பவையெல்லாம் அங்கேதான் இருக்கும். அவை இல்லாத நூலைக் குழந்தைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மில்க் காட்டன் என்ற பெயரில் விற்கப்படும் பந்துகள் பலவற்றைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தவையாகவே இருக்கின்றன. கலப்பதில் குற்றமில்லை, தெரியாமல் வாங்குவதுதான் குறை.

அக்ரிலிக்கைப் பற்றிப் பின்னல்காரர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு சாரார் அதைத் தொடவே மாட்டார்கள். மறு சாரார் வேறெதையும் வாங்க மாட்டார்கள். என் நிலை இரண்டுக்கும் நடுவே உள்ளது. பெட்ரோலியப் பொருள்களிலிருந்து செய்யப்படும் இந்தச் செயற்கை இழை மலிவானது, அந்துப்பூச்சி அரிக்காதது, இயந்திரத்தில் எத்தனை முறை போட்டாலும் கம்பளியைப் போல இறுகிச் சுருங்காதது. பிறந்த குழந்தை உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை துணி துவைக்க வேண்டியிருக்கும் என்பது தெரிந்தவர்கள், கையால் மட்டுமே அலச வேண்டிய விலையுயர்ந்த கம்பளிச் சட்டை பெரும்பாலும் அலமாரியிலேயே கிடக்கும் என்பதையும் அறிவார்கள். ஆனால் அக்ரிலிக்கின் குறைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் சுமார் 16 விழுக்காடும் பருத்தி சுமார் 8 விழுக்காடும் ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்க, அக்ரிலிக் 2 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. வியர்வையை உறிஞ்சாத துணி குழந்தையின் முதுகில் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடுத்தது வெப்பம். கம்பளி எளிதில் தீப்பற்றாது, பற்றினாலும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்; அக்ரிலிக் உருகி எரிந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டாலே அது தன் துள்ளலை இழந்து தொங்கிப்போய்விடும், பின்னர் அதை மீட்க வழியில்லை. எனவே உடலோடு ஒட்டியணியும் உள்சட்டைக்கும் நீண்ட நேரம் அணியும் குல்லாவுக்கும் அக்ரிலிக்கைத் தவிர்த்து, உள்ளே பருத்தி உடுப்பு அணிவித்து அதன்மேல் போடும் மேற்சட்டைக்கு அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை.

பருத்தி நூல் உறிஞ்சும், வெந்நீரைத் தாங்கும், குத்தாது. அதற்கு இழுபடும் தன்மை குறைவு என்பதால் மணிக்கட்டுப் பட்டியும் குல்லாவின் விளிம்பும் சில நாள்களில் தளர்ந்துவிடும், கனமும் அதிகம். நீண்ட இழைகளை மட்டும் வாரியெடுத்து நூற்ற பருத்தி பிசிறின்றி நெடுநாள் உழைக்கும். மூங்கில் நூல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழைக் கார்பன் டைசல்பைடு போன்ற வேதிப்பொருள்களில் கரைத்து எடுக்கும் விஸ்கோஸ்தான்; அதை இயற்கை மூங்கில் என்று பெயரிட்டு விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2009-இல் சில விற்பனையாளர்கள்மீது நடவடிக்கையே எடுத்தது. மிருதுவிலும் வழவழப்பிலும் அதற்கு ஈடில்லை, ஆனால் நனைந்தால் வலுவிழந்து தொங்கும்.

கம்பளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் சூப்பர்வாஷ் என்ற குறிப்பைப் பார்த்து வாங்குவது பெரும்பாலும் சரியான முடிவே. கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரிலும் அலசலிலும் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதால்தான் துணி இறுகிக் கெட்டியாகிறது. குளோரின் கொண்டு செதில்களைத் தேய்த்து, மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்து அந்தக் கொக்கியை நீக்குவதே வழக்கமான சூப்பர்வாஷ் முறை. இவ்வாறு பதப்படுத்திய கம்பளி சுருங்காது, ஆனால் துவைத்தபின் நீண்டுவிடும். மாதிரித் துண்டைத் துவைக்காமல் அளவெடுத்துவிட்டு, பின்னி முடித்த ஸ்வெட்டரின் கைப்பகுதி குழந்தையின் விரல்களைத் தாண்டித் தொங்குகிறதே என்று நூலைக் குறை சொல்வதில் பயனில்லை. மாதிரித் துண்டை அந்த வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவைத்து உலர்த்திய பிறகுதான் கண்ணிகளை எண்ண வேண்டும். நம் பொறுமைக்கேற்பத் துவைத்துப் பார்க்கும் சோதனை குழந்தையின் தாய்க்கு உதவாது.

இனி, மென்மை என்ற பெயராலேயே தவறான நூல் கைக்கு வரும் இடத்துக்கு வருகிறேன். மொஹேர் என்ற ஆட்டு உரோமம், அங்கோரா என்ற முயல் உரோமம், இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வாரிவிடப்பட்ட நூல்கள், கண்ணிமை மயிர் போலத் தொங்கும் அலங்கார நூல்கள் ஆகியவை தொடுவதற்கு மேகம் போல இருக்கும். ஆனால் குழந்தை கைக்கு எட்டுவதையெல்லாம் வாயில் வைக்கும். சட்டையின் கழுத்தை அது சப்பும்போது உதிரும் உரோமம் வாய்க்கும் மூக்குக்கும் தொண்டைக்கும் போகும். இப்போது பொம்மைகளுக்கும் போர்வைகளுக்கும் பெரிதும் விரும்பப்படும் வெல்வெட் போன்ற செனில் நூலை யாரேனும் சந்தேகத்தோடு பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. அதை வெட்டி, வெட்டிய முனையை இரு விரல்களால் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். மேலே உள்ள பஞ்சு முழுதும் கையோடு வந்துவிடும், உள்ளே தையல் நூல் போன்ற இரண்டு மெல்லிய இழைகள் மட்டும் மிஞ்சும். அந்தப் பஞ்சு, இரண்டு இழைகளின் முறுக்குக்கு இடையே சிக்கியிருக்கும் சிறு துண்டுகளின் கூட்டமே தவிர வேறில்லை. முனைகளை ஆழமாகச் செருகி இறுக்கமாகப் பின்னினால் உதிர்வு குறையும் என்பது உண்மைதான். பல் முளைக்கும் குழந்தை கடித்து இழுக்கும் பொருளுக்கு அந்த உத்தரவாதம் போதாது.

உதிர்வைக் கண்டறிய எளிய வழி உண்டு. மாதிரித் துண்டின்மேல் செல்லோடேப்பை ஒட்டி அழுத்தி, சட்டென உரித்து, கறுப்புத் தாளின்மீதோ வெள்ளைத் தாளின்மீதோ வைத்துப் பார்த்தால் எத்தனை இழைகள் வந்தன என்பது தெரியும். நூலின் முறுக்கையும் கவனிக்க வேண்டும். ஒற்றைப் புரியில் தளர முறுக்கிய நூல் பந்தில் மிகவும் மிருதுவாக இருக்கும், நாலு முறை அணிந்ததும் அக்குளிலும் வயிற்றிலும் குருணை குருணையாகத் திரளும். முப்புரியாகவோ நாற்புரியாகவோ திருத்தமாக முறுக்கிய நூல் கையில் சற்றுக் குறைந்த மென்மையோடு இருந்தாலும் அதன் மென்மை நிலைத்து நிற்கும்.

சாயத்தைப் பொறுத்தவரை, நம் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குச் சான்றிதழைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 1992-இல் தொடங்கப்பட்ட ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற சான்றில் நான்கு வகுப்புகள் உள்ளன. அவற்றுள் மிகக் கடுமையான முதல் வகுப்பு, மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருள்களுக்கு உரியது. ஃபார்மால்டிஹைடு, சில அசோ சாயங்களிலிருந்து பிரியும் தீங்கான அமீன்கள், கன உலோகங்கள் ஆகியவற்றோடு எச்சிலில் சாயம் கரைகிறதா என்பதும் இதில் சோதிக்கப்படுகிறது. சான்றில் உள்ள எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் அது செல்லுபடியாகிறதா, எந்த வகுப்புக்கு உரியது என்பது தெரிந்துவிடும். படத்தை மட்டும் அச்சிட்டு எண் இல்லாமல் விட்ட தாளுக்கு மதிப்பில்லை. இயற்கை வேளாண்மைப் பருத்திக்கு வழங்கப்படும் காட்ஸ் (GOTS) சான்றில் ஆர்கானிக் என்று முழுமையாகக் குறிப்பிடக் குறைந்தது 95 விழுக்காடு இயற்கை வேளாண்மையில் விளைந்த இழை தேவை. இவற்றில் எதுவும் நூல் மிருதுவானது என்றோ துவைத்தால் சுருங்காது என்றோ சொல்வதில்லை என்பதையும், நாம் பின்னர் தைக்கும் பொத்தானுக்கும் ரிப்பனுக்கும் அந்தச் சான்று பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சான்றில்லாத நூலானால், ஒரு முழம் வெட்டி வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து இறுக்கித் தேய்த்துப் பார்க்கலாம். கறை ஒட்டினால் அது குழந்தைக்கு ஆகாது. ஒட்டாவிட்டால் சாயம் கெட்டியானது என்பது மட்டுமே தெரிகிறது, சாயத்தில் என்ன இருக்கிறது என்பது அப்போதும் தெரியாது.

கட்டுரையில் சொல்லப்படாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது அந்துருண்டை. மிச்சமான கம்பளி நூலையும், மூத்த குழந்தை அணிந்த ஸ்வெட்டரையும் அந்துருண்டை போட்டு ஆண்டுக்கணக்கில் மூடி வைத்து, அடுத்த குழந்தை பிறந்ததும் எடுத்து அணிவிப்பது பலரும் செய்வதுதான். அந்த உருண்டைகளில் பல நாப்தலீனால் ஆனவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலீன் ஏறிய துணியை அணிவதாலும் அதன் ஆவியைச் சுவாசிப்பதாலும் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலையும் இரத்தச் சோகையும் ஏற்படக்கூடும்; பிறந்த குழந்தைகளில் அது மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். உலகில் 40 கோடிப் பேருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது, அவர்களில் மிகப் பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. நாப்தலீன் வாடை வீசும் நூலைத் துவைத்து வெயிலில் போட்டுப் பயன்படுத்தலாமா என்று வகுப்புகளில் கேட்கிறார்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம் என்பதே என் பதில். அதில் பெரியவர்களுக்கு ஒரு மேசை விரிப்புப் பின்னிக்கொள்ளட்டும். நூலைச் சுத்தமாகத் துவைத்து, நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் அந்துருண்டைக்குத் தேவையே இல்லை.

தாள் தொலைந்துபோன பழைய பந்து என்ன இழை என்று அறிய விரும்புவோர், அரை விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்புக் காட்டலாம். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொரிந்து, தொட்டால் பொடியாகும் கரியாகும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கலப்பு நூலில் இச்சோதனை குழப்பும்.

நல்ல நூலும் தவறான இடத்தில் தீங்காகும் என்பதால் துணியின் உட்புறத்தையும் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு நிறங்களில் பின்னும்போது பின்புறத்தில் நீளவாக்கில் ஓடும் இழைகளில் குழந்தையின் விரல் நுழைந்து சுற்றிக்கொள்ளலாம். முடியோ நூலோ விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் நிலையை மருத்துவர்கள் நன்கறிவார்கள். குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் வீடே தவிக்கும்போது காலுறையைக் கழற்றிப் பார்த்தால்தான் விரல் வீங்கியிருப்பது தெரியும். கையுறையையும் காலுறையையும் ஒரே நிறத்தில், ஓட்டை வேலைப்பாடு இல்லாமல், நெருங்கிய கண்ணிகளாகப் பின்னி, அணிவிக்கும் ஒவ்வொரு முறையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பார்ப்பதே சரி. பந்தின் நடுவில் ஆலையிலேயே போட்ட முடிச்சு வந்தால் அதை அப்படியே துணிக்குள் விட்டுவிடாமல் வெட்டி, முனைகளை ஒன்றோடொன்று செருகி இணைக்க வேண்டும்; முடிச்சு மடங்கி முதுகில் அழுத்தும், அவிழ்ந்தால் நூல் தொங்கும். கழுத்திலும் குல்லாவிலும் கட்டும் கயிறு வேண்டவே வேண்டாம்; ஏழு வயது வரையிலான குழந்தைகளின் ஆடைகளில் தலை, கழுத்துப் பகுதிகளில் கயிறு கூடாது என்று ஐரோப்பியத் தர விதி தடை செய்கிறது. குஞ்சமும் பொத்தானும் பெரியவர்களின் ஆசைக்காகத்தான் வைக்கப்படுகின்றன. தவிர்க்க முடியாத பொத்தானை, நூல் கண்ணிகளில் மட்டும் தைக்காமல், உட்புறத்தில் ஒரு பட்டைத் துணி வைத்து அதோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

பின்னிய போர்வையைத் தொட்டிலில் விரித்துக் குழந்தையைப் போர்த்திப் படம் எடுத்து வெளியிடுவதையும் தங்கள் இணைப்பு தவிர்த்தால் நன்றாக இருக்கும். முதல் ஆண்டு முடியும்வரை தூங்கும் குழந்தையின் அருகே தளர்வான போர்வையோ மென்பொம்மையோ இருக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. 2022-இல் வெளியிட்ட அதன் வழிகாட்டுதல், உடல் சூடேறுவதைத் தவிர்க்க வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லாவும் வேண்டாம் என்கிறது. போர்வை, விழித்திருக்கும் குழந்தையை மடியிலோ வண்டியிலோ வைத்திருக்கும்போது பெரியவர்களின் கண்பார்வையில் பயன்படட்டும்.

இனி வெளியாகும் பின்னல் பகுதிகளில், தேவையான நூலின் அளவையும் ஊசி எண்ணையும் குறிப்பிடுவது போலவே, இழையின் வகை, துவைக்கும் முறை, எந்த வயதுக்கு ஏற்றது என்ற மூன்றையும் தவறாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்னிப் பரிசளிக்கிறவர்கள், நூலின் தாளையும் பழுது பார்ப்பதற்கு இரண்டு மீட்டர் நூலையும் ஓர் உறையில் போட்டு ஆடையோடு சேர்த்துக் கொடுக்குமாறு அதே பகுதியில் ஒரு வரி சேர்த்தால், அந்த ஆடையைத் துவைக்கப்போகிறவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பின்னல் பயிற்றுநர் ஒருவர்